தார்ப்பாய்க்குள் இருந்த மூக்கு

உன் தார்ப்பாய் நாறுகிறது. எடைமேடைக்குப் பின்னால் வேலியில் விரித்துப் போட்டு நான்கு நாளாகிறது. வெயிலில் காய்ந்தால் போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை. மக்கிப்போன கித்தான், பழைய கிரீஸ், எலிப் புழுக்கை, எல்லாவற்றுக்கும் அடியில் உன் பீடி. செத்த பிறகும் என் மூக்கில் வந்து குந்திக்கொள்கிற ஆள் நீ ஒருவன்தான்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருடமாக எழுதுவதெல்லாம் எடைச்சீட்டு. வண்டி எண், பாரத்தோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு, கையெழுத்து. ஆனால் உன்னைத் திட்டியாக வேண்டும். ஒன்பது வருடம் மனதுக்குள்ளேயே திட்டியதில் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு வந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது, நூறு வயது இருந்து என் உயிரை வாங்குவாய் என்றுதான் நினைத்திருந்தேன். பங்குனியில் ஒருநாள் உன் மெக்கானிக் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தவாக்கிலேயே சாய்ந்துவிட்டாய் என்று, சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் சீட்டு வாங்கும்போது சொன்னார். சீட்டை அவரிடம் கொடுக்காமல் நானே கையில் பிடித்துக்கொண்டு நின்றேனாம். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஆரன் அடித்த பிறகுதான் கொடுத்தேன்.

பெரம்பலூருக்கு வந்தேன். வரக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. மாலைகூட வாங்கினேன். உன் தெருமுனை டீக்கடையில் நின்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். பக்கத்தில் வரவில்லை. மாலையோடு திரும்ப அரியலூர் பஸ் ஏறினேன். "சாமிக்குங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லீங்க, ஒரு படுபாவிக்கு" என்றேன். அந்த மாலை என் ஜன்னல் கம்பியில் தொங்கிக் காய்ந்து உதிர்ந்தது.

நாம் பழக்கமான விதத்தை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. சின்ன வெங்காயம் ஏற்றிய ஒரு மூக்கு லாரி என் மேடையில் ஏறி நின்றது. மூக்கு லாரி என்றால், எஞ்சின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டு, அதன் பின்னால் டிரைவர் உட்காருகிற அந்தக் காலத்து வண்டி. அதைப் பெரம்பலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்த நீ, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதன் அடியில் போய்ப் படுத்துவிட்டாய். மேடையில் ஆள் இருந்தால் எடை தப்பாகக் காட்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்.

"யோவ், யாருய்யா அது? மேடைய விட்டு எறங்குய்யா!"

"சத்தம் போடாத. டார்ச்சு இருந்தா குடு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது. அன்று வெங்காயத்தோடு உன்னையும் சேர்த்து எடை போட்டுவிட, வியாபாரி சண்டைக்கு வர, மறுபடி எடை போட்டேன். உன் எடை எழுபது கிலோ என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உன் திமிர் எத்தனை கிலோ என்று தெரிய மேலும் பல வருடம் ஆனது.

முதுகெல்லாம் புழுதியோடு எழுந்து வந்து, ஏதோ உன் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல வரன் கிடைத்த மாதிரி சிரித்தாய். "சேஸு முழுக்க ரிவிட்டுய்யா. ஒரு போல்ட்டு இல்ல. கம்பெனியில அடிச்சது அப்படியே இருக்கு." சேஸ் என்பது பாரத்தைத் தாங்கும் அந்த இரண்டு நீள இரும்புச் சட்டம். கம்பெனியில் அதை ரிவிட் அடித்துச் சேர்ப்பார்கள். பின்னால் எவனாவது வெட்டி ஒட்டினால் ரிவிட் அடிக்க வசதி இருக்காது, போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடுவான். நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "ரிவிட்டு பொய் சொல்லாது" என்று அன்றைக்கு ஆரம்பித்தாய், சாகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பாய்.

அதற்குப் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைகள் போன இடம் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிடித்துப் போட்ட வண்டிகள், சர்க்கரை ஆலை யார்டு, மூடிப்போன சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், மீன்சுருட்டிப் பக்கம் ஒரு செங்கல் சூளை. எங்கே ஏலம் என்று பேப்பரில் வந்தாலும் முந்தின நாளே போய் நிற்போம், அன்றுதான் பொருளைப் பார்க்க விடுவார்கள். வாங்குகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், நாம் மூக்கின் மேல் கம்பெனி எழுத்து பதித்த இடத்தைத் தடவிக்கொண்டிருப்போம். "வாங்குறதுக்கு வரல, பாக்கத்தான் வந்தோம்" என்று வாட்ச்மேனிடம் சொன்னால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அதுதான் நம் சட்டம். பார்க்க வேண்டும், வாங்கக் கூடாது. துருவைச் சுரண்டக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது.

அப்புறம் அந்த நோட்டு. வண்டிக்குப் பேர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டுவார்கள். மற்றவர்களுக்கு அது ஆபீஸ் வேலை. நமக்கு அதுதான் கிறுக்கு. நல்ல பழைய வண்டி எது கிடைத்தாலும் நம்பரைப் பென்சிலில் எடுத்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஊரையும் தேதியையும் எழுதுவோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் காகிதத்தை நகராமல் அழுத்திப் பிடித்து டார்ச்சும் அடிக்க வேண்டும், இன்னொருவன் தேய்க்க வேண்டும். நீ பிடிப்பாய், நான் தேய்ப்பேன். என் கை நடுங்காது என்பாய். நீ என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது, யோசித்துப் பார்த்தால், அது ஒன்றுதான்.

திருச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய வண்டிக் கண்காட்சி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டமெல்லாம் கார்களைச் சுற்றி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒரே ஒரு கனரக லாரி, மூக்கு வைத்தது. பளபளவென்று சிவப்புப் பெயிண்ட், மூக்கில் ரோஜா மாலை. நீ அடியில் புகுந்து எழுந்து வந்து, வேட்டி கட்டிய அதன் முதலாளி முகத்துக்கு நேராக, "பொணத்துக்குப் பவுடர் போட்டு ஒக்கார வச்சிருக்கீங்க" என்றாய். "மூக்கு ஒரு வண்டி, சேஸு ஒரு வண்டி, ரெண்டையும் போல்ட்டு போட்டுக் கட்டியிருக்கீங்க." அந்த மனிதர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஆனால் பஸ்ஸில் பாடாலூர் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். அன்றைக்கு நீ சொன்னது சரி. நீ சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது, அதில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன். உனக்குக் கேட்கப் பிடிக்காது, கேள்.

நான் கண்டுபிடித்தது அது. நீ இல்லை, நான். செந்துறை ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு சுரங்கத்தின் பின்பக்கம், சீமைக்கருவேலம் புதருக்குள், மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்றது. நம் பக்கத்தில் முதன்முதலாகக் கல் ஏற்றிய வண்டிகளில் ஒன்று. அதை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் செந்துறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். ஆரோக்கியசாமி என்று பெயர், டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மனைவி தவறிவிட்டார், தனி ஆள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அந்த வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். வாங்கிய அன்று என்னென்ன வேலை பார்த்தார்கள், எந்த டயர் எத்தனை நாள் வந்தது, எல்லாம் சொன்னார். ஒரு மழைக்காலத்தில் சுரங்கத்தின் கரை சரிந்தபோது, கீழே கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி சேற்றில் உறுமி மேலே வந்ததாம். அந்த ஏழு பேரில் ஒருத்தியைத்தான் பிறகு கட்டிக்கொண்டாராம்.

சுரங்க முதலாளி இறந்து, மகன்கள் உள்ளே கிடந்த எல்லாவற்றையும் ஏலத்துக்குப் போட்டிருந்தார்கள். டிரைவரண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது ஓடணும்னு நான் கேக்கல தம்பி. வெட்டிறாம பாத்துக்குங்க. அது போதும்." நான் வாக்குக் கொடுத்தேன். "வெட்ட உட மாட்டண்ணே. நானே எடுத்துக் கொண்டாந்து எடைமேடைகிட்ட நிறுத்துறேன்" என்றேன். நம் சட்டத்தை மீறுவதென்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். என் மோட்டார் சைக்கிளை விற்றேன். வீட்டில் ஒரு வாரம் சாப்பாடு தட்டில் விழுந்தது, கையால் பரிமாறப்படவில்லை.

உன்னிடம் போனில் சொன்னேன். "எனக்குத் தெரியாம அப்படி ஒரு வண்டியா?" என்றாய். நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏலத்தன்று நீ தாமதமாக வந்தாய். திருச்சிப் பழைய இரும்புக்காரர்கள் நான்கைந்து பேர், வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்து ஜனம், நடுவில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தும் ஏலக்காரர். ஒரு இரும்புக்காரருக்கும் எனக்கும்தான் போட்டி. அவர் சொல்ல, நான் கையைத் தூக்க, ஏலக்காரர், "ஒரு தரம்" என்றார். அப்போதுதான் நீ வெள்ளைச் சட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து வண்டிக்கு அடியில் குனிந்தாய். டார்ச் அடித்தாய். ஒரு நிமிடம்கூட இல்லை. எழுந்து கையைத் தட்டிவிட்டு, சுரங்கமே கேட்கிற மாதிரி சொன்னாய்.

"யோவ் எடைமேடை, கைய எறக்குய்யா! சேஸு பூரா போல்ட்டு. ஒட்டுப் போட்ட வண்டிக்கா மோட்டார் சைக்கிள வித்துட்டு வந்து நிக்கிற?"

ஜனம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சுட்டது. என் கை அப்போது எங்கே இருந்தது என்று நினைக்கிறாய்? தலைக்கு மேல் இருந்தது. அதை நான் இறக்கினேன். ஏலக்காரர் என்னைப் பார்த்தார், "ரெண்டு தரம்" என்று இழுத்து இழுத்துச் சொன்னார். நான் மண்ணைப் பார்த்தேன். இரும்புக்காரர் பேருக்கு மூன்றாம் தரம் சொல்லி முடித்தார்.

அன்று மத்தியானமே கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். சாயங்காலம் அந்தத் துண்டுகள் எங்கே வந்தன தெரியுமா? வேறு எங்கே வரும், என் மேடைக்குத்தான் வந்தன. சட்டம், அச்சு, கதவு, எல்லாம் ஒரு டிப்பரில் குவிந்து கிடந்தன. எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான். வெட்டியவன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "உயிர வாங்கிருச்சுங்க சார். ஒரே முழுச் சேஸு. ஒட்டே இல்ல. உள்ளார பூரா ரிவிட்டு. மேலாப்புல இரும்புப் பட்டை வச்சு போல்ட்டு போட்டிருந்தாங்க, அவ்வளவுதான்" என்றான். நான் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் உன் பட்டறைக்கு வந்து, உன் ஆட்கள் முன்னால் கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் பதில் சொன்னாய். "போல்ட்டு இருந்துச்சு, போல்ட்டுன்னேன். நான் சொன்னா நீ ஏன்யா கைய எறக்குன?" அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. எவ்வளவு கொழுப்பு இருந்தால் அப்படிக் கேட்பாய்? நான் திரும்பி வந்தேன். அதற்கப்புறம் நீ பெரம்பலூர், நான் அரியலூர். நடுவில் முப்பது கிலோமீட்டர். ஒன்பது வருடம்.

நோட்டு உன்னிடமே இருந்துவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். செந்துறைப் பக்கம் மட்டும் நான் போகவே இல்லை. அங்கே ஒரு கல்யாணம் என்றால் வீட்டில் மட்டும் போய்வருவார்கள். டிரைவரண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? செந்துறை பஸ் என் மேடையைத் தாண்டிப் போகும்போதுகூட ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். இதெல்லாம் உன்னால் வந்தது என்று நாள் தவறாமல் சொல்லிக்கொள்வேன்.

பத்து நாளைக்கு முன்னால் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. தங்கச்சிதான், உன் மனைவி.

"அண்ணே, பட்டறையக் காலி பண்றோம். பின்னால தார்ப்பாய்க்குள்ள ஒண்ணு கெடக்கு. பழைய இரும்புக்காரன் கேக்குறான். அதை மட்டும் எவனுக்கும் குடுக்கக் கூடாதுன்னு அவரு சொல்லியிருந்தாரு. என்ன ஏதுன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே."

வந்தேன். தார்ப்பாயை நானே இழுத்தேன். அந்தச் செந்துறை வண்டியின் மூக்கு நின்றது. இரண்டு பக்க மக்கார்டோடு, விளக்குக் குழிகளோடு, இடது விளக்குப் பக்கத்துப் பள்ளத்தோடு. உள்ளே சாக்கில் சுற்றி ஒரு முழம் நீளத்துக்குச் சேஸ் துண்டு, நம்பர் பதித்த துண்டு. பெயிண்ட் இல்லை, சுரண்டல் இல்லை. துருவின் மேல் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்திருந்தாய். ஒருமுறை துடைத்ததில் அந்த வழவழப்பு வராது. பக்கத்தில் நம் நோட்டு.

உன் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். தங்கச்சி தண்ணீர்ச் சொம்போடு வந்து, "அழாதீங்கண்ணே" என்றது. "அழலம்மா, உம் புருஷனத் திட்டுறேன்" என்றேன். "நல்லாத் திட்டுங்க" என்று சொம்பை வைத்துவிட்டு அதுவும் உட்கார்ந்துகொண்டது. உனக்குத் தெரிந்திருக்கிறது. வெட்டியது முழு வண்டி என்று தெரிந்து, ஓடிப்போய் மூக்கை மட்டும் மீட்டு வந்து, ஒன்பது வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாய். ஒரு போன் பண்ண உனக்கு விரல் இல்லை.

மினி லாரி பிடித்து மூக்கையும் துண்டையும் ஏற்றினேன். நேராகச் செந்துறை. ஒரே எண்ணம்தான். டிரைவரண்ணன் இருந்தால் அவர் முன்னால் இறக்கி வைத்து, உன் பெயரைச் சொல்லி, நீ செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். நீ செத்துப் போனால் என்ன? அவருக்காவது உண்மை தெரியட்டும். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன்.

இருந்தார். அதே வாசல், அதே நாற்காலி. கண்ணில் புரை விழுந்து ஆள் பாதியாகியிருந்தார்.

"யாரு?"

"நான்தாண்ணே. அரியலூரு எடைமேடை."

"ஒம்போது வருசம் ஆச்சு" என்றார்.

மூக்கை இறக்கினோம். அவர் எழுந்து வந்தார். கை எங்கும் தேடவில்லை, நேராக இடது விளக்குப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போனது. "கரை சரிஞ்சன்னிக்கு பட்டது" என்றார். அந்தப் பள்ளத்துக்குள் கட்டை விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஏலத்துல என்னையக் கைய எறக்கச் சொன்னது..."

"பெரம்பலூரு மெக்கானிக்கு. தெரியும். மூணாம் நாளே வந்துட்டாரே."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "இந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னாரு. ஒட்டு எங்க இருக்குன்னு நாலு பேருக்குக் காட்டணும்னு, நீங்க கேட்டுட்டுப் போனப்புறம் அந்த இரும்புக்காரரு கடைக்குப் போனாராம். ஒட்டே இல்லியாம். அதுக்குள்ள சேஸு துண்டு துண்டாப் போயிருச்சாம். எவ்வளவு பெரிய மனுசன், அப்படி அழுது நான் பாத்ததில்ல. மூக்கக் கொண்டாறட்டுமான்னாரு. நான் எங்க வைக்கிறது, நீங்களே வச்சுக்கிட்டுத் துரு திங்காம பாத்துக்குங்கன்னேன். வருசா வருசம் வந்து தொடச்சுட்டண்ணேன்னு சொல்லிட்டுப் போவாரு. இந்த வருசம் காணோம்."

நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல அவன்?"

"நானுந்தான் கேட்டேன். யார்கிட்ட வேணாலும் சொல்லுவண்ணே, அவன்கிட்ட முடியாதுன்னாரு. எனக்குத் தெரியாம அவன் ஒரு வண்டியக் கண்டுபுடிச்சுட்டானேன்னு எரிஞ்சுக்கிட்டே குனிஞ்சேன், போல்ட்டு மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு, இதப் போயி அவன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றதுன்னாரு."

எனக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. "பாத்தீங்களாண்ணே! என்னைய ஒம்போது வருசம் தலைகுனிய வச்சுட்டுப் போயிட்டான், பாவி!"

டிரைவரண்ணன் புரை விழுந்த கண்ணை என் பக்கம் திருப்பினார். குரல் உயரவே இல்லை.

"அவரு தப்பாப் பாத்தாரு, வந்து சொன்னாரு. உங்களுக்கு அந்த போல்ட்டு கதை தெரியுமே தம்பி. வண்டி புதுசா வந்தன்னிக்கே, கல்லு தாங்கணும்னு பட்டை குடுத்து போல்ட்டு போட்டாங்க, நான் பக்கத்துல நின்னேன்னு இதே நாற்காலியில ஒக்காந்துதான சொன்னேன்? தெரிஞ்சுக்கிட்டே ஏன் கைய எறக்குனீங்க?"

சொன்னார். உண்மைதான், சொன்னார். ஏலத்தில் நீ போல்ட் என்று கத்தியபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஜனம் சிரித்தது, நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாய், எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வண்டியை விட, ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கை விட, நீ என்னை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது என்பது எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

"வண்டி போனாப் போவுது" என்றார் டிரைவரண்ணன். "வாக்குக் குடுத்த மனுசன் வந்து மூஞ்சியக் காட்ட வேணாமா? வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன்."

நான் அவர் காலடியில் அப்படியே குந்திவிட்டேன். அவர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நம்பர் துண்டை எடுக்கச் சொன்னார். நோட்டைப் பிரித்துக் காகிதத்தை வைத்தேன். "கொஞ்சம் அழுத்திப் புடிங்கண்ணே" என்றேன். பிடித்தார். பென்சில் போய்ச் சேருமுன் ஒவ்வொரு எண்ணையும் வாயால் சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. என் கை நடுங்கியது. நீ பார்த்திருந்தால் கேலி செய்திருப்பாய்.

மூக்கை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். "நாலு லாரிக்காரன் பாக்குற எடத்துல வையிங்க" என்றார். வாரா வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "வாக்கெல்லாம் வேணாம், வந்தாப் போதும்" என்றார்.

நேற்று சர்க்கரை ஆலை யார்டில் ஏலம். ஒரு பழைய தண்ணீர் லாரி, மூக்கு வைத்ததுதான். நான் முந்தின நாளே போய் அடியில் படுத்துப் பார்த்திருந்தேன். நீ இல்லாததால் காகிதத்தைச் செலோ டேப் போட்டு ஒட்டி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு நம்பர் எடுத்தேன். ஏலத்தில் ஒருவன், உன்னைப் போலவே ஒரு வெள்ளைச் சட்டை, "அது ஒட்டு வண்டி சார், விடுங்க" என்றான். "நான் பாத்தேன், ஒட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தூக்கின கையைத் தூக்கியபடியே வைத்திருந்தேன். வண்டி எனக்கு விழவில்லை. லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் எடுத்துவிட்டார், கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் அடிக்கப் போகிறாராம். போகட்டும், வெட்ட மாட்டார். தோள்பட்டை மட்டும் இன்னும் வலிக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. செந்துறைக்கு வருடா வருடம் போகத் தெரிந்த உனக்கு, என் மேடையைத் தாண்டித்தானே அந்த ரோடு போகிறது, ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கத் தெரியவில்லை. செந்துறை பஸ்ஸுக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொண்ட நேரத்தில்தான் நீ அதற்குள் உட்கார்ந்து போயிருப்பாய். போடா.

மூக்கு இப்போது மேடை ஓரம் நிற்கிறது, ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பெயிண்ட் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் துணி போட்டுத் துடைக்கிறேன். சீட்டுக்கு நிற்கிற டிரைவர்கள் இறங்கிப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல வண்டியாச்சே சார், இத எவன் வெட்டுனது?" என்று கேட்கிறார்கள். முதல் நாள் உன் பெயரைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு பேருங்க. ஒருத்தன் பங்குனியில போய்ச் சேந்துட்டான். இன்னொருத்தன் நான்தான்" என்கிறேன். சொல்லிவிட்டு அவர்களுக்குச் சீட்டு எழுதுகிறேன்.